படத்தைப் போட்டுப் பயிற்சியை முடித்துவிடாதீர்கள்

சிறப்புப் பயிற்றுநர்களுக்கான பணியிடைப் பயிற்சியைத் திட்டமிடும் அலுவலர்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய அலுவலர்களுக்கு,

பார்வையும் செவியும் சேர்ந்து பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று பயிற்சித் திட்டத்தில் இருந்த செய்முறை அமர்வுகளை இந்த ஆண்டு எடுத்துவிட்டீர்கள். அதற்குப் பதிலாக, பார்வையும் செவியும் இழந்த சிறுமி ஹெலன் கெல்லருக்கு ஆசிரியர் ஆன் சல்லிவன் மொழி கற்பித்த கதையான 'தி மிராக்கிள் வொர்க்கர்' படத்தைத் திரையிட்டீர்கள். படம் முடிந்ததும் ஒரு படிவம் வந்தது. இந்த ஆசிரியரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன என்று அதில் ஒரே கேள்வி. நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் இந்தப் பிரிவில் பயிற்சி பெற்றவர்கள் என்று பதிவாகிவிட்டது. அடுத்த ஆண்டும் இதே ஏற்பாடுதான் என்று அறிவித்திருக்கிறீர்கள். வட்டார வள மையத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளை வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் சிறப்புப் பயிற்றுநர்களில் நானும் ஒருத்தி. இந்த முடிவை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

படத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வில்லியம் கிப்சன் முதலில் தொலைக்காட்சி நாடகமாக எழுதி, 1959இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்குக் கொண்டுபோன கதை அது. ஆர்தர் பென் 1962இல் அதைப் படமாக்கினார். மேடையில் ஆசிரியராகவும் ஹெலனாகவும் நடித்த ஆன் பான்கிராஃப்ட்டும் பேட்டி டியூக்கும்தான் படத்திலும் நடித்தார்கள். இருவருக்குமே ஆஸ்கர் கிடைத்தது. பரிசு வாங்கும்போது டியூக்குக்கு வயது 16. குடும்பமே உட்கார்ந்து சாப்பிடும்போது ஹெலன் மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொருவர் தட்டிலும் கைவிட்டு எடுத்துத் தின்பதும், யாரும் தடுக்காமல் பேச்சைத் தொடர்வதும் ஒரு காட்சி. அதில் இருக்கும் உண்மையை நான் எத்தனையோ வீடுகளில் கண்ணால் பார்க்கிறேன். பாவம், புள்ளைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடுவதும் ஒரு புறக்கணிப்புதான் என்பதை அந்தக் காட்சியைப் போல் வேறு எதுவும் எனக்குக் காட்டியதில்லை. பெற்றோரிடம் இந்தப் படத்தைப் பாருங்கள் என்று நானே சொல்வதுண்டு.

ஆனால் ஒரு படத்தைப் பார்த்து நெகிழ்வது வேறு, அதை வைத்து ஒரு குழந்தையின் கையைப் பிடிப்பது வேறு. அடுத்த காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, ஆன் சல்லிவன் ஹெலனை நாற்காலியில் உட்காரவைத்துக் கரண்டியால் சாப்பிடவைக்கப் போராடும் காட்சி. ஏறத்தாழ ஒன்பது நிமிடம், பேச்சே கிடையாது. இழுக்கிறார், அடிக்கிறார், அடி வாங்குகிறார், கரண்டி பறக்கிறது, மறுபடி கரண்டியைக் கையில் திணிக்கிறார். சினிமாவாக அது பெரிய சாதனைதான். அரங்கத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். படம் முடிந்து வெளியே வந்தபோது புதிதாகச் சேர்ந்த சகபணியாளர்கள் பேசிக்கொண்டதும் அதைத்தான். நாமும் இப்படி உறுதியாக நின்றால் குழந்தை வழிக்கு வந்துவிடும் என்றார்கள்.

அவர்களில் ஒருவர் அதை அப்படியே செய்தார். எங்கள் பகுதியில் ஒரு பையன் இருக்கிறான். அம்மாவுக்குக் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ருபெல்லா என்ற தொற்றுநோய் வந்ததால், பிறவியிலேயே கண்புரையும் செவித்திறன் இழப்பும் இதயக் கோளாறும் அவனுக்கு. பையனின் அம்மாவை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, அவனை நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்து, கரண்டியைக் கையில் திணித்திருக்கிறார் அந்தச் சகோதரி. அவன் கடித்தான், தலையைச் சுவரில் மோதினான். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் யார் கைபட்டாலும் சுருண்டுகொண்டான். அதுவரை என் கடிகாரத்தைத் தடவிப் பார்த்து, வந்திருப்பது நான்தான் என்று தெரிந்துகொண்டு மடியில் வந்து உட்காருவான். அதுவும் நின்றுபோனது. அந்தச் சகோதரியை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல மனசோடுதான் போனார். பயிற்சி என்று நீங்கள் அவருக்குக் காட்டியது அந்தக் காட்சியைத்தான். அவர் கையில் வேறு எதுவும் கொடுத்து அனுப்பவில்லை.

செய்முறை அமர்வு இருந்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே அவர் ஒன்றைக் கற்றிருப்பார். இந்தக் குழந்தைகளின் கையை மேலிருந்து பிடிக்கக்கூடாது. நம் கை கீழே இருக்கவேண்டும், குழந்தையின் கை அதன் மேல் தானாக வந்து படியவேண்டும். அவனுக்குக் கைதான் கண், கைதான் காது, பேச்சும் அதில்தான். அதைப் பிடித்து அமுக்குவது நம் கண்ணைக் கட்டி வாயைப் பொத்துவதற்குச் சமம். நான் வேர்க்கடலை உரிக்கும்போது அவன் கை என் விரல்மேல் இருக்கும். தோடு உடையும் நடுக்கம் அவனுக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்றால் கையை எடுத்துக்கொள்ளலாம், பிடித்தால் திரும்பி வரலாம். அந்தச் சுதந்திரம் இருந்தால்தான் திரும்பி வருவான். படிக்கச் சுலபமாகத் தெரிகிறது. ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு, காதை அடைத்துக்கொண்டு, சகபயிற்றுநர் ஒருவரின் கைமேல் நம் கையை வைத்துப் பார்க்கும்வரை யாருக்கும் இது புரிவதில்லை. எடுத்துவிட்டீர்களே, அந்த அமர்வில் செய்ததே இதைத்தான்.

இன்னொன்று பொருள் அடையாளம். துண்டைத் தொட்டால் குளியல், டம்ளரைத் தொட்டால் கஞ்சி, செருப்பைத் தொட்டால் வெளியே போகிறோம். இவற்றை வரிசையாக அட்டைப்பெட்டிகளில் வைத்து, ஒரு வேலை முடிந்ததும் அந்தப் பொருளை முடிந்த பெட்டியில் போடவைத்தால், நாளுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு என்று குழந்தைக்குத் தெரியவரும். நெதர்லாந்தின் யான் வான் டைக் போன்றவர்கள் இந்தக் குழந்தைகளோடே இருந்து உருவாக்கிய முறை இது. எங்கள் ஊரில் இனிப்புக் கடைப் பெட்டிகளே போதும், செலவே இல்லை. ஆனால் எந்தக் குழந்தைக்கு எந்தப் பொருள், எப்போது காட்டுவது, எப்போது அடுத்த கட்டத்துக்குப் போவது என்பதை ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். படத்தில் இது இல்லை. இருக்கவும் முடியாது, அது 1887இன் கதை.

சரி, அந்தக் கதையையாவது முழுதாகச் சொன்னீர்களா?

ஆன் சல்லிவன் 1887 மார்ச் 3ஆம் தேதி அலபாமாவின் டஸ்கம்பியாவுக்கு வந்து சேர்ந்தார். வயது 20. படத்தைப் பார்த்தவர்கள் அவரை, மனவுறுதி ஒன்றையே நம்பி ரயிலேறிய பெண் என்றுதான் நினைப்பார்கள். அவர் பாஸ்டனில் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் ஆறு ஆண்டுகள் இருந்தவர். டிரக்கோமா என்ற கண்நோயால் பார்வை போய்ப் பின் அறுவை சிகிச்சைகளால் ஓரளவு மீண்டவர். ஹெலனுக்கு முன்பே மொழி கற்ற லாரா பிரிட்ஜ்மன் அந்தப் பள்ளியில்தான் வாழ்ந்தார். பார்வையும் செவியும் இல்லாத அந்த மூத்த பெண்ணின் உள்ளங்கையில் விரலெழுத்தால், அதாவது எழுத்துக்கு ஒரு விரல் அடையாளமாகத் தொட்டுக் காட்டி, பேசிப் பழகியவர் சல்லிவன். ஹெலனின் அப்பாவிடமிருந்து கேட்டு வந்த பிறகு, லாராவுக்குக் கற்பித்த சாமுவேல் கிரிட்லி ஹோவின் அறிக்கைகளை மாதக்கணக்கில் படித்துத் தயாரானார். ஹெலனுக்கு அவர் கொண்டுபோன பொம்மையின் உடைகூட லாரா தைத்தது. ஆக, நீங்கள் எங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டும் ஆசிரியரே செய்முறைப் பயிற்சி பெற்றுவிட்டுத்தான் வேலைக்குப் போனார். எங்களுக்கு மட்டும் அது வேண்டாமா?

அந்தச் சாப்பாட்டுச் சண்டை கற்பனை இல்லை, தெரியும். சல்லிவன் பெர்கின்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. ஆனால் தண்ணீர்க் குழாய்க் காட்சியைப் பாருங்கள். படத்தில் ஹெலன் விருந்து மேசையில் கூஜாத் தண்ணீரைக் கொட்டுகிறாள், ஆசிரியர் அவளை இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறார், மல்லுக்கட்டலின் நடுவில் சொல் பிறக்கிறது. ஹெலன் கெல்லர் தாமே எழுதியது வேறு. 1887 ஏப்ரல் 5ஆம் தேதி. குவளை, தண்ணீர் என்ற இரண்டையும் அவள் குழப்பிக்கொண்டே இருந்தாள். எரிச்சலில் பொம்மையைத் தரையில் அடித்து உடைத்தாள். சல்லிவன் சண்டைக்கு நிற்கவில்லை. உடைந்த துண்டுகளை ஒதுக்கிவிட்டுத் தொப்பியை எடுத்துக் கொடுத்தார். வெளியே போகிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கொடிப் பூவின் மணம் வந்த பக்கமாக இருவரும் கிணற்றடிக்கு நடந்தார்கள். அங்கேதான் ஒரு கையில் தண்ணீர் விழ, மறு கையில் எழுத்துகள் விழுந்தன. குழந்தை திணறுகிறாள் என்று கண்டதும் பாடத்தை நிறுத்தி வெளியே கூட்டிப்போன ஆசிரியர் அவர். அந்தத் தொப்பியும் நான் மேலே சொன்ன செருப்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் இந்த இடத்தில் இருக்கிறது. படம் தன் நாடகத்துக்காக இதை மாற்றியது, அது கலைஞர்களின் உரிமை. பயிற்சி தருபவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

படம் அந்த நாளோடு முடிகிறது. அதற்கு ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 10ஆம் தேதி, சல்லிவன் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஹெலனின் உறவுக் குழந்தை ஒன்றைக் கவனித்தபோது அவருக்கு ஒரு விஷயம் உறைக்கிறது. அந்தக் குழந்தைக்குப் பதினைந்து மாதம். யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தாமலே சொல்வதெல்லாம் அதற்குப் புரிகிறது. சுற்றிலும் பேச்சு இருப்பதால் கற்கிறது. அன்றிலிருந்து நேரம் வகுத்த பாடங்களை விட்டுவிட்டு, கைக்குழந்தையின் காதில் நாம் பேசுவதைப்போல ஹெலனின் கையில் முழு வாக்கியங்களாகப் பேசப்போகிறேன் என்று எழுதுகிறார். பலவந்தத்தில் தொடங்கிய ஆசிரியர் ஒன்றரை மாதத்துக்குள் குழந்தையின் ஆர்வத்தைப் பின்தொடர்பவராக மாறிவிட்டார். படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன ஒருவருக்கும் இது தெரியாது.

ஹெலனுக்கு நோய் வந்தது பத்தொன்பதாவது மாதத்தில். அதுவரை கேட்டாள், பார்த்தாள், தண்ணீருக்கு ஒரு மழலைச் சொல்லும் வைத்திருந்தாள்; படத்திலும் அது வருகிறது. சல்லிவன் வருவதற்கு முன்பே சைகைகளும் வைத்திருந்தாள். ரொட்டி வேண்டும் என்றால் துண்டு போட்டு வெண்ணெய் தடவுவதுபோல் காட்டுவாள். ஐஸ்கிரீம் வேண்டும் என்றால் இயந்திரத்தைச் சுற்றுவதுபோல் காட்டி உடம்பை நடுக்குவாள். எங்களிடம் வரும் பிள்ளைகளில் பிறவியிலேயே இரண்டும் பாதிக்கப்பட்டவர்கள் நிறைய. கேட்ட சொல் என்று ஒன்றுகூட அவர்களுக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது 2017 பிப்ரவரியில்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் இன்று எங்கள் கைகளில் இருக்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்து பார்வை போனவர்கள், செவித்திறன் குறைவோடு வளர வளரப் பார்வையும் சுருங்கும் அஷர் என்ற மரபுவழிப் பாதிப்புள்ளவர்கள், ஓரளவு பார்வையோ செவித்திறனோ மிச்சமிருப்பவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் வழி வேறு. ஒரு குழாயடியில் ஒரே நாளில் எல்லாம் திறந்துவிடும் என்ற எதிர்பார்ப்பை நீங்கள் வளர்த்தால், அடி வாங்குவது குழந்தையின் அம்மாதான். படம் பார்க்க வந்திருந்த ஒரு தாய் என்னைக் கேட்டார்: "டீச்சர், அந்தப் புள்ளைக்கு ஒரு மாசத்துல வந்துச்சு. என் புள்ளைக்கு இத்தன வருசமாவும் வரலையே, நான் சரியா பண்ணலையா?" அவருடைய மகன் அவர் தாலிக்கொடியைத் தொட்டு அம்மா என்றும், பாட்டியின் மூக்குத்தியைத் தொட்டுப் பாட்டி என்றும் சொல்கிறான். யாரும் சொல்லித் தராமல் அந்த அம்மாவும் மகனும் சேர்ந்து உண்டாக்கிய மொழி அது. அதைப் பாராட்ட வேண்டிய நாளில் அவரை அழவைத்து அனுப்பினோம்.

திரையிட்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். படத்தின் பேச்சு முழுக்க ஆங்கிலம், அதுவும் அமெரிக்கத் தென்பகுதி உச்சரிப்பு. வசன எழுத்து இல்லை. செவித்திறன் குறைந்த சகபயிற்றுநர் ஒருவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், முழுப் படத்தையும் ஊகித்துக்கொண்டு. படிவத்தை மட்டும் அவரும் நிரப்ப வேண்டியிருந்தது.

அப்புறம் அர்ப்பணிப்பு பற்றி. கருத்துரை வழங்கியவர்கள் திரும்பத் திரும்ப அதைத்தான் பேசினார்கள். சல்லிவன் ஒரு குழந்தைக்கு ஒரு ஆசிரியராக, அந்தக் குழந்தையின் வீட்டிலேயே தங்கி, காலை எழுந்ததிலிருந்து இரவு தூங்கும்வரை உடனிருந்தார். ஹெலன் 1904இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெறும்வரை வகுப்புகளில் பக்கத்தில் உட்கார்ந்து விரிவுரைகளை அவர் கையில் எழுதிக்கொண்டிருந்தார். தம் கண் கெட்டுக்கொண்டே வந்தபோதும். அந்தப் படிப்புக்கு ஹென்றி ரோஜர்ஸ் போன்ற செல்வந்தர்கள் பணம் கொடுத்தார்கள். 1936இல் சல்லிவன் இறக்கும்வரை 49 ஆண்டுகள். 1914இலேயே பாலி தாம்சன் என்ற இன்னொருவரும் துணைக்குச் சேர்ந்துவிட்டார். 1955இல் 74 வயதில் ஹெலன் இந்தியாவுக்கு வந்து நேருவைச் சந்தித்தபோதும் பாலி தாம்சன் உடன் இருந்தார். அந்த வாழ்க்கை முழுவதும் ஒரு ஆள் பக்கத்தில் இருந்தார், அந்த வாழ்க்கைக்கான செலவில் மற்றவர்களும் கைகொடுத்தார்கள். நாங்கள் தொகுப்பூதியத்தில், பேருந்து கிடைத்தால் வாரம் ஒருமுறை ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போகிறோம். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. எங்களிடம் குறைவது மனசு இல்லை. நேரமும் பயிற்சியும்தான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்தக் குழந்தைகளைத் தன் அட்டவணையில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பார்வையோ செவியோ இரண்டுமோ இல்லாதவர்களுக்கு அவரவர்க்குப் பொருத்தமான மொழியிலும் தொடர்புமுறையிலும் கல்வி தரவேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. பொருத்தமான தொடர்புமுறை தெரிந்த ஆசிரியர் இல்லாமல் இதை எப்படி நிறைவேற்றுவீர்கள்? பயிற்சி பெற்றவர்கள் என்று எங்கள் பெயர்கள் பதிவேட்டில் இருப்பதால், இனி யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவும் மாட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

எங்கள் கோரிக்கைகள் இவை. எடுத்துவிட்ட செய்முறை அமர்வுகளை அடுத்த பயிற்சியிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். குறைந்தது மூன்று முழு நாட்கள் வேண்டும், அதில் ஒரு நாளாவது குழந்தைகளோடும் அம்மாக்களோடும் இருக்கவேண்டும். நடத்துபவர்கள் இந்தப் பிரிவில் வேலை செய்து பழகியவர்களாக இருக்கட்டும். முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். பார்வையும் செவியும் பாதிக்கப்பட்ட பெரியவர்களை அவர்களின் துணையாளரோடு அழைத்து, மதிப்பூதியம் கொடுத்து, எங்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். லாரா பிரிட்ஜ்மனிடம் சல்லிவனுக்குக் கிடைத்தது எங்களுக்கும் கிடைக்கட்டும்.

படிவம் நிரப்பியவர்களைப் பயிற்சி பெற்றவர்கள் என்று காட்டும் பதிவைத் திருத்துங்கள். இந்த ஆண்டு இந்தப் பிரிவில் யாருக்கும் பயிற்சி தரப்படவில்லை என்பதே உண்மை, அப்படியே எழுதுங்கள். ஒரு பயிற்றுநருக்கு இத்தனை வீடுகள் என்று பிரிக்கும்போது இந்தக் குழந்தைகளை மற்றவர்களோடு ஒன்றாக எண்ணாதீர்கள். வாரத்துக்கு மூன்று வருகையாவது இல்லாமல் கைமொழி ஊன்றாது. வருகைகளுக்கு நடுவே அந்த வேலையைச் செய்வது அம்மாக்கள்தான். அவர்களைப் பயிற்சியில் சேர்த்து, அந்த நாட்களின் கூலி இழப்பையும் பேருந்துச் செலவையும் கொடுங்கள்.

படத்தைக் காட்ட விரும்பினால் தாராளமாகக் காட்டுங்கள், பயிற்சி நேரத்துக்கு வெளியே, தமிழ் வசன எழுத்தோடு. முடிந்த பிறகு, சல்லிவனின் அந்த ஏப்ரல் மாதக் கடிதங்களைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். மொழிபெயர்த்துத் தர எங்களில் ஆள் இருக்கிறார்கள், காசு வேண்டாம்.

அடுத்த பயிற்சிக்கான கால அட்டவணையை இறுதிசெய்வதற்கு முன் எங்கள் வட்டாரப் பயிற்றுநர்களையும் பெற்றோர் சிலரையும் அழைத்துப் பேசுங்கள். எந்தக் கோரிக்கையை ஏற்கிறீர்கள், எதை ஏற்க முடியாது, ஏன் முடியாது என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர்